இதற்கு மேல் முடியாதா? சாரா கணமும் கணக்கிடுதலின் எல்லையும்

பள்ளி ஆண்டு விழாவுக்கு முன் போட்டிகளை நடத்தி முடிக்க வேண்டும். கோலம், ஓவியம், பேச்சு, கட்டுரை, பாட்டு, நடனம், வினாடி வினா என ஏழு போட்டிகள். ஒரு மாணவர் இரண்டு போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருந்தால் அவ்விரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது. வகுப்பறைகள் போதுமான அளவு உள்ளன, நடுவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் முதல் சுற்றில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை போட்டிகளை நடத்தலாம்?

எல்லாப் பள்ளிகளிலும் எழும் கேள்விதான் இது. ஏழு போட்டிகளுக்குத் தாளும் பென்சிலும் போதும். எழுபது, எழுநூறு என்று எண்ணிக்கை கூடும்போது இதே கேள்வி கணினி அறிவியலில் இன்றுவரை விடை காணப்படாத ஒரு வினாவுடன் சேர்ந்துவிடுகிறது. ‘கணினியிடம் கொடுத்தால் நொடியில் சொல்லிவிடும்’ என்று மாணவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்லும் காலம் இது. எதைச் சொல்லும், எதைச் சொல்லத் திணறும் என்பதைக் காட்ட இந்த ஒரு கணக்கு போதும்.

வட்டங்களும் கோடுகளும்

ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு வட்டம் வரைவோம். பொதுவான மாணவர் உள்ள இரண்டு போட்டிகளை ஒரு கோட்டால் இணைப்போம். பெயர்ப் பட்டியலைப் பார்த்ததில் பின்வரும் ஏழு கோடுகள் கிடைத்தன என்று கொள்வோம்:

பேச்சு – கட்டுரை
பேச்சு – வினாடி வினா
கட்டுரை – வினாடி வினா
பேச்சு – பாட்டு
பாட்டு – நடனம்
நடனம் – கோலம்
கோலம் – ஓவியம்

இவ்வாறு வட்டங்களும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்த அமைப்பைக் கோட்டுரு என்கிறோம். கட்டத்தாளில் அச்சுகளை வைத்து வரையும் வரைபடம் வேறு, இது வேறு. கோட்டுருவில் வட்டம் எங்கே இருக்கிறது, கோடு வளைந்ததா நேரானதா என்பது முக்கியமில்லை; எது எதனுடன் இணைந்திருக்கிறது என்பதே முக்கியம். கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களைப் பற்றி ஆய்லர் 1736இல் எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

வட்டங்களை முனைகள் என்போம். எந்த இரண்டு முனைகளுக்கு இடையிலும் கோடு இல்லாதவாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முனைகளின் தொகுப்பே சாரா கணம். நம் கணக்கில் அது ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய போட்டிகளின் தொகுப்பு. மிகப் பெரிய சாரா கணம் எது என்பதுதான் கேள்வி.

நின்றுபோவது வேறு, முடிவது வேறு

வகுப்பில் இதைக் கொடுத்தால் பலரும் அதிகப் பேர் பெயர் கொடுத்த போட்டியிலிருந்து தொடங்குவார்கள். பேச்சை எடுக்கிறார்கள், அதனுடன் இணைந்த கட்டுரை, வினாடி வினா, பாட்டு ஆகியவற்றை அடித்துவிடுகிறார்கள். அடுத்து கோலத்தை எடுக்கிறார்கள். ஓவியமும் நடனமும் போய்விடுகின்றன. இனிச் சேர்க்க எதுவும் இல்லை. ‘விடை இரண்டு’ என்று கை தூக்குவார்கள்.

இந்த இரண்டுடன் இன்னொன்றைச் சேர்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் கட்டுரை, ஓவியம், பாட்டு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். மேலே உள்ள பட்டியலில் இவற்றுள் எந்த இரண்டுக்கும் இடையே கோடு இல்லை.

‘இதனுடன் மேலும் சேர்க்க முடியாது’ என்பதும் ‘இதைவிடப் பெரியது இல்லை’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது, நாம் வந்த வழியில் நின்றுபோனதைக் காட்டுகிறது. இரண்டாவது, எல்லா வழிகளைப் பற்றியும் பேசுகிறது. இந்த வேறுபாட்டை மாணவர் உணர்வதே இப்பாடத்தின் முதல் பயன்.

இங்கே பேச்சைத் தொட்டதால் விடை குறையவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பேச்சு, நடனம், ஓவியம் என்றும் மூன்று கிடைக்கிறது. பேச்சுக்குப் பிறகு கோலத்தை எடுத்ததால்தான் இரண்டில் நின்றது.

நான்கு ஏன் முடியாது?

மூன்று கிடைத்தது. நான்கு கிடைக்காது என்று எப்படிச் சொல்வது? ‘தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை’ என்பது காரணம் ஆகாது. கோட்டுருவை மீண்டும் பார்ப்போம். பேச்சு, கட்டுரை, வினாடி வினா மூன்றும் ஒன்றுக்கொன்று இணைந்து ஒரு முக்கோணமாக உள்ளன. எனவே அம்மூன்றிலிருந்து ஒன்றைத்தான் எடுக்க முடியும். கோலமும் ஓவியமும் இணைந்துள்ளன. அந்த இரண்டில் ஒன்று. பாட்டும் நடனமும் இணைந்துள்ளன; அதிலும் ஒன்று. ஏழு போட்டிகளும் இந்த மூன்று குழுக்களுக்குள் அடங்கிவிட்டன. குழுவுக்கு ஒன்று வீதம் மூன்றுக்கு மேல் எவராலும் எடுக்க முடியாது.

ஒரு வரிசைத் தேடலும் இல்லாமல், சில வாக்கியங்களில் முடிந்த நிறுவல் இது. விடையை மட்டும் எழுதி நின்ற மாணவரிடம் ‘இதற்கு மேல் ஏன் முடியாது?’ என்று கேட்டால் கிடைக்க வேண்டிய பதில் இதுதான்.

எல்லாவற்றையும் சோதித்தால்?

ஒவ்வொரு முனையையும் எடுக்கலாம் அல்லது விடலாம். எனவே ஏழு முனைகளுக்கு 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 128 தொகுப்புகள். பொறுமை இருந்தால் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம். ஒரு முனை கூடினால் தொகுப்புகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு நொடியில் 10 கோடித் தொகுப்புகளைச் சோதிக்கும் கணினி நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம்.

30 முனைகள்: ஏறத்தாழ 107 கோடித் தொகுப்புகள். சுமார் 11 நொடி.
50 முனைகள்: சுமார் 130 நாள்கள்.
60 முனைகள்: சுமார் 365 ஆண்டுகள்.
100 முனைகள்: சுமார் 4 கோடி கோடி ஆண்டுகள்.

பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தான். கணினியை ஆயிரம் மடங்கு வேகமாக்கினாலும், அதே நேரத்தில் நம்மால் கூடுதலாகச் சமாளிக்க முடிவது ஏறத்தாழ 10 முனைகளை மட்டுமே. ஏனெனில் 2-இன் 10ஆம் அடுக்கு 1,024. அடுக்குக்குறி வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் அவரையே கணக்கிடச் சொல்லலாம்.

விரைவாக முடியும் வகைகள்

எல்லாவற்றையும் சோதிப்பது ஒன்றே வழி என்று நினைத்துவிடக் கூடாது. கோட்டுருவின் அமைப்பு சாதகமாக இருந்தால் ஆயிரக்கணக்கான முனைகளுக்கும் சரியான விடையை விரைவாகக் காணலாம். மூன்று வகைகளைப் பார்ப்போம்.

முதல் வகை, கிளை கிளையாகப் பிரியும் மரம் போன்ற கோட்டுரு. அதில் ஒரே ஒரு கோடு மட்டும் உள்ள முனையை நுனி என்போம். விதி எளிது: நுனியை எடு, அதன் அண்டை முனையை நீக்கு, மீண்டும் நுனியைத் தேடு. கோடே இல்லாமல் மிஞ்சும் முனையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நுனியை எடுப்பது ஏன் எப்போதும் பாதுகாப்பானது? மிகப் பெரிய சாரா கணம் ஒன்றில் நுனி இல்லை என்று கொள்வோம். அப்போது அதன் ஒரே அண்டை அக்கணத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நுனியையும் சேர்த்துக் கணத்தைப் பெரிதாக்கியிருக்கலாம். அந்த அண்டையை எடுத்துவிட்டு நுனியை வைத்தால் எண்ணிக்கை குறையாது, புதிய மோதலும் வராது.

நுனி விதி மரம் அல்லாத கோட்டுருவிலும் நுனி உள்ளவரை உதவும். நம் கணக்கில் ஓவியம் ஒரு நுனி. அதை எடுத்துக் கோலத்தை நீக்கினால் நடனம் நுனியாகிறது. அதை எடுத்துப் பாட்டை நீக்கினால் முக்கோணம் மிஞ்சுகிறது; அதில் ஏதாவது ஒன்று. மொத்தம் மூன்று.

இரண்டாம் வகை, நேர இடைவெளிகள். ஒரே ஒரு கலையரங்கம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் குறிக்கப்பட்டுள்ளன. ஒன்றோடொன்று மோதாத நிகழ்ச்சிகள் அதிகபட்சம் எத்தனை? எது முதலில் முடிகிறதோ அதை எடுக்க வேண்டும். அதனுடன் மோதுவனவற்றை விட்டுவிட்டு, மீதமுள்ளவற்றில் முதலில் முடிவதை எடுக்க வேண்டும். இது எப்போதும் மிகச் சிறந்த விடையையே தரும். முதலில் தொடங்குவதையோ, மிகக் குறைந்த நேரம் நடப்பதையோ எடுத்தால் தவறலாம். அதற்கு எடுத்துக்காட்டு தேடுவது மாணவருக்கு நல்ல பயிற்சி.

மூன்றாம் வகை, முனைகள் இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கோடும் ஓர் அணியிலிருந்து மற்ற அணிக்கு மட்டுமே செல்லும் கோட்டுரு. சதுரங்கப் பலகையில் குதிரைகளை நினைத்துப் பாருங்கள். குதிரை வெள்ளைக் கட்டத்திலிருந்து கறுப்புக்கும், கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் மட்டுமே தாவும். எனவே 32 வெள்ளைக் கட்டங்களிலும் குதிரைகளை வைத்தால் ஒன்றையொன்று தாக்காது. 33 முடியுமா? பலகையை இரண்டு வரிசை, நான்கு நிரல் கொண்ட எட்டுத் துண்டுகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் எட்டுக் கட்டங்களை, குதிரை ஒரே தாவலில் சேரும் நான்கு இணைகளாக்க முடியும். ஆக, பலகை முழுவதற்கும் 32 இணைகள். ஓர் இணையில் ஒரு குதிரைக்கு மேல் வைக்க முடியாது. எனவே 32தான் உச்சம்.

இது தற்செயல் அல்ல. இரண்டு அணிக் கோட்டுரு எதுவானாலும், ஒரு முனை இரண்டு இணைகளில் வராதவாறு எத்தனை இணைகளை அதிகபட்சமாக அமைக்க முடியுமோ அந்த எண்ணை மொத்த முனைகளிலிருந்து கழித்தால் மிகப் பெரிய சாரா கணத்தின் அளவு கிடைக்கும். ஹங்கேரியக் கணித அறிஞர் தேனெஷ் கோனிக் 1931இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்து இது பெறப்படுகிறது. இவ்வகையில் ‘இதற்கு மேல் முடியாது’ என்பதற்கான சுருக்கமான காரணம் எப்போதும் கிடைக்கும் என்பதே அத்தேற்றத்தின் சிறப்பு.

குறுக்குவழி ஏமாற்றும் இடம்

நுனி விதியைப் பார்த்த மாணவர் ஒருவர், ‘நுனி இல்லாவிட்டால் மிகக் குறைந்த கோடுகள் உள்ள முனையை எடுத்தால் என்ன?’ என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி, பல நேரங்களில் நல்ல விடையும் வரும். ஆனால் எப்போதும் வராது.

அ என்ற முனை க, ச, ட ஆகிய மூன்றுடன் இணைந்துள்ளது. க, ச, ட தமக்குள் இணையவில்லை. ப, ம, ய மூன்றும் ஒரு முக்கோணம். க, ச, ட ஒவ்வொன்றும் ப, ம, ய மூன்றுடனும் இணைந்துள்ளது. கோடுகளை எண்ணினால் அ-வுக்கு 3. க, ச, ட ஒவ்வொன்றுக்கும் 4. ப, ம, ய ஒவ்வொன்றுக்கும் 5. விதிப்படி அ-வை எடுத்தால் க, ச, ட நீங்கும், முக்கோணத்தில் ஒன்று கிடைக்கும், மொத்தம் 2. ஆனால் க, ச, ட மூன்றையும் எடுத்திருந்தால் 3. ஏழே முனைகளில் விதி தவறிவிட்டது.

சரிபார்ப்பது எளிது, காண்பது கடினம்

60 போட்டிகளில் மோதாத 20 போட்டிகளை ஒருவர் எழுதிக் கொடுத்தால், நாம் 190 இணைகளைப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். அரை மணி நேர வேலை. அவ்வாறு 20 உண்டா என்று நாமே கண்டுபிடிப்பதுதான் கடினம். ‘இல்லை’ என்று சொல்பவர் அதற்குச் சுருக்கமான சான்று தருவதும் பொதுவான கோட்டுருவில் எளிதல்ல.

விடையை விரைவாகக் கண்டுபிடிக்க முடிந்த கணக்குகளின் வகுப்பைக் கணினி அறிவியலில் பி என்பர். ‘ஆம்’ என்ற விடைக்கான சான்றைக் கொடுத்தால் விரைவாகச் சரிபார்க்க முடிந்த கணக்குகளின் வகுப்பு என்.பி. இங்கே ‘விரைவாக’ என்றால், தேவைப்படும் படிகள் முனைகளின் எண்ணிக்கையைப் பொறுத்த ஒரு பல்லுறுப்புக் கோவைக்குள் அடங்குவது. 2-இன் அடுக்காகப் பெருகாமல் இருப்பது.

1971இல் ஸ்டீபன் குக், என்.பி. வகுப்பிலுள்ள எல்லாக் கணக்குகளையும் ஒரே தருக்கக் கணக்காக மாற்ற முடியும் என்று காட்டினார். சோவியத் ஒன்றியத்தில் லியோனிட் லெவினும் தனியாக இதே போன்ற முடிவை அடைந்தார். 1972இல் ரிச்சர்ட் கார்ப் இப்படிப்பட்ட 21 கணக்குகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஒன்று, எல்லோரும் எல்லோருடனும் இணைந்த குழுவைத் தேடும் கணக்கு. கோடு உள்ள இடத்தில் அழித்து, இல்லாத இடத்தில் வரைந்தால் அதுவே சாரா கணக் கணக்கு. இவற்றை என்.பி. முழுமைக் கணக்குகள் என்பர்.

ஒரு கணக்கை இன்னொன்றாக மாற்றுவது என்றால் என்ன? நம் போட்டிகளையே எடுத்துக்கொள்வோம். ஏழு போட்டிகளையும் மூன்று சுற்றுகளில் முடிக்க முடியுமா என்பது கால அட்டவணைக் கேள்வி. ஒவ்வொரு போட்டிக்கும் கோலம்-1, கோலம்-2, கோலம்-3 என்பதுபோல் மூன்று வட்டங்கள் வரைவோம், மொத்தம் 21. ஒரு போட்டி ஒரு முறைதான் நடக்கும் என்பதால் அதன் மூன்று வட்டங்களையும் ஒன்றுக்கொன்று இணைப்போம். மோதும் போட்டிகள் ஒரே சுற்றில் வரக் கூடாது என்பதால் கோலம்-1ஐ நடனம்-1உடனும், கோலம்-2ஐ நடனம்-2உடனும், இவ்வாறே மற்றவற்றையும் இணைப்போம். மொத்தம் 42 கோடுகள். இந்தப் புதிய கோட்டுருவில் 7 முனைகள் கொண்ட சாரா கணம் இருந்தால் அதுவே கால அட்டவணை. இல்லையென்றால் மூன்று சுற்றுகளில் முடியாது. நம் கணக்கில் விடை உண்டு: முதல் சுற்றில் பேச்சு, நடனம், ஓவியம், இரண்டாம் சுற்றில் கட்டுரை, பாட்டு, கோலம், மூன்றாம் சுற்றில் வினாடி வினா. முக்கோணம் இருப்பதால் இரண்டு சுற்றுகள் போதாது.

எனவே சாரா கணத்துக்கு விரைவான நெறிமுறை ஒன்று கிடைத்தால் கால அட்டவணைக்கும் கிடைத்துவிடும், என்.பி. வகுப்பிலுள்ள எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். இன்றுவரை அப்படி ஒன்றை எவரும் காணவில்லை. அது இருக்கவே முடியாது என்றும் எவரும் நிறுவவில்லை. பி-யும் என்.பி.-யும் ஒன்றா என்ற இந்த வினாவுக்கு விடை தருபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்தது. பரிசு இன்னும் வழங்கப்படவில்லை.

கடினம் என்றால் கைவிடுவதா?

இல்லை. 1977இல் ராபர்ட் டார்ஜனும் அந்தோனி ட்ரோஜனோவ்ஸ்கியும் வெளியிட்ட நெறிமுறையில் படிகளின் வளர்ச்சி, முனைகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கை 2-இன் அடுக்காகக் கொண்டது. 60 முனைகளுக்கு அது 2-இன் 20ஆம் அடுக்கு, அதாவது சுமார் பத்தரை லட்சம் என்ற அளவு. 365 ஆண்டு வேலை மிகச் சிறிய நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனால் 180 முனைகளுக்குப் போனால் மீண்டும் 2-இன் 60ஆம் அடுக்கு. தடை தள்ளிப் போயிருக்கிறது, நீங்கவில்லை.

ஓரளவு நல்ல விடையாவது உறுதியாகக் கிடைக்குமா? பி-யும் என்.பி.-யும் வேறு என்றால், மிகப் பெரிய கணத்தில் நூறில் ஒரு பங்கையாவது எப்போதும் தரும் என்று உறுதி கூறும் விரைவான நெறிமுறைகூடப் பொதுவான கோட்டுருவுக்கு இருக்க முடியாது. யோஹான் ஹோஸ்டாட் உள்ளிட்டோர் 1990களில் பெற்ற முடிவுகளின் பொருள் இதுதான். ஆகவே நடைமுறையில், கையிலிருக்கும் கோட்டுருவின் தனி அமைப்பைத் தேடிப் பயன்படுத்துகிறார்கள். நாமும் கால அட்டவணை போடும்போது கோடுகள் அதிகமுள்ள ஆசிரியரையோ பாடத்தையோ முதலில் பொருத்துவது இப்படிப்பட்ட அனுபவ விதிதான். அது பெரும்பாலும் உதவும். எப்போதும் சிறந்ததைத் தரும் என்ற உறுதி இல்லை.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க நிலை: தரையில் சுண்ணக்கட்டியால் ஏழு வட்டங்களும் கோடுகளும் வரையலாம். கோட்டால் இணைந்த இரு வட்டங்களில் இருவர் நிற்கக் கூடாது. எத்தனை பேர் நிற்கலாம்? ஆளுக்குப் பதில் புளியங்கொட்டைகளை வைத்து தாளிலும் விளையாடலாம். ‘இன்னொருவர் நிற்க முடியுமா? இடம் மாறி நின்றால் முடியுமா?’ என்ற இரண்டு கேள்விகளே போதும்.

நடுநிலை: 6 முதல் 8 வரையான வகுப்புகளில் ‘தகவல் செயலாக்கம்’ பாடத்தோடு இதை இணைக்கலாம். தமிழ்நாட்டு மாவட்டப் படத்தில் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்களை எத்தனை தேர்ந்தெடுக்க முடியும்? கன்னியாகுமரி மாவட்டம் மாநிலத்துக்குள் திருநெல்வேலியை மட்டுமே தொடுகிறது. அது ஒரு நுனி. அதைத் தயங்காமல் எடுக்கலாம். பிறகு குழுக்களுக்கிடையே போட்டி.

உயர்நிலை, மேல்நிலை: போட்டிக் கணக்கில் மூன்று முனைகள் கொண்ட சாரா கணங்கள் மொத்தம் எத்தனை என்று காணச் சொல்லலாம். குழுவுக்கு ஒன்று வீதம் 3 × 2 × 2 = 12 வாய்ப்புகள். பேச்சும் பாட்டும் சேரும் 2, கோலமும் நடனமும் சேரும் 3 ஆகியவற்றை நீக்கினால் 7. ஒன்பதாம் வகுப்பின் கண மொழிக்கும், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் நெறிமுறைப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

மதிப்பெண் இடும்போது ஒரு சிறு மாற்றம் செய்யலாம். மூன்று என்ற விடைக்கு ஒரு பங்கு, அந்த மூன்று எவை என்று காட்டியதற்கு ஒரு பங்கு, நான்கு ஏன் முடியாது என்ற காரணத்துக்கு இரண்டு பங்கு. கணினி தரும் விடையை ஏற்கும் முன்பும் இதே வரிசையில் கேட்கப் பழகிய மாணவர், அது மிகச் சிறந்த விடையா அல்லது தேடல் நின்றுபோன இடமா என்று பிரித்தறியக் கற்றுக்கொள்வார்.